பாலத்தில் ஆள் நிற்கும் முறை

முத்தாலங்குடிக்குப் பாலம் கட்ட வந்த கம்பெனியில், புராஜெக்ட் மேனேஜர், சுருக்கமாக பி.எம். என்று எல்லோரும் கூப்பிடுகிற ஞானதுரைக்கு உலகத்தில் ஆகாத ஒன்று உண்டென்றால் அது காலியான கட்டம். எக்செல் ஷீட்டில் ஒரு வரி ஏறிவிட்டால் அதற்குப் பொறுப்பாளர் இருக்க வேண்டும், முடிகிற தேதி இருக்க வேண்டும். தேதி தெரியாது என்று யாராவது வாயெடுத்தால், "தெரியலன்னா உத்தேசமா ஒண்ணு போடுங்க, போட்ட பெறகு அது தானா தெரிஞ்சிரும்" என்பார். அதனால் அந்த ஷீட்டில் தூண், தூணுக்குத் தூண் கிடத்துகிற கர்டர், தளம், கைப்பிடிச் சுவர், திறப்பு விழா என்று பாலத்தின் வேலைகள் மட்டும் இருக்கவில்லை. வேலைக்குக் குறுக்கே வரக்கூடிய ஊர்க் காரியங்கள் அத்தனையும் இருந்தன. முத்தாலம்மன் கோயில் திருவிழாவான கொடை இருந்தது, ஏனென்றால் அந்த வாரம் ஒருத்தரும் வேலைக்கு வரமாட்டார்கள். அதற்கு மேல் வரியில் சுடலைக்கண்ணுவின் வாழை வெட்டு இருந்தது, ஏனென்றால் பாலத்துக்கு ஏறுகிற சாலை அவர் தோட்டத்தை ஒட்டிப் போக வேண்டும். மேலத்தெருவில் நிச்சயமாகியிருந்த ஒரு கல்யாணம் இருந்தது, ஏனென்றால் அன்றைக்குப் பந்தலைத் தாண்டி லாரி போகாது. எல்லாவற்றுக்கும் கீழே, கடைசி வரியில், அந்த ஷீட்டைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த பிளானிங் இன்ஜினீயர் செண்பகவல்லியின் பிரசவம் இருந்தது, ஏனென்றால் அவள் விடுப்பில் போய்விட்டால் ஷீட்டுக்கு ஆள் இல்லை.

ஊர் இந்த ஷீட்டைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஆறு கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற ஊர் அது. கோடையிலும் கடல்நீர் ஏறி ஆறு ஆழமாகவே கிடக்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் அக்கரையில். இக்கரையில் இருப்பதெல்லாம் வாழையும் உப்புக்காற்றும் ஆளுக்கொரு வாக்குறுதியும்தான். மூன்று தேர்தலாக வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பாலம் ஒரு ஷீட்டுக்குள் வரி வரியாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஊர்க்காரர்களுக்கு அந்த ஷீட்டின்மேல் ஒரு மரியாதை உண்டாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறவர்கள்கூட சைட் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "ஷீட்டுல ஒரு வரி போட்டு வையுங்கம்மா" என்று கேட்டுப் போனார்கள்.

செண்பகவல்லிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம், ஆனால் தாய் இல்லை. கணவன் பால்வண்ணன் மஸ்கட்டில். ஆகவே அவள் கம்பெனி மெஸ்ஸில் சமைக்கிற மாடத்தியின் வீட்டிலேயே முன்னறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தாள். மாடத்தி தனியாள். ரசம் வைத்தாலும் கோபம் வைத்தாலும் காரமாக வைப்பாள், ஆனால் செண்பகவல்லிக்கு மட்டும் உப்பும் உறைப்பும் பார்த்துத் தனியாகப் பொங்கிப் போடுவாள்.

மார்கழியில் டாக்டரம்மா படுத்து ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார். கடைசி நாள் வேலை. கால் வீங்கி, முதுகு இழுத்து, எப்போது வீட்டுக்குப் போய்ச் சாய்வோம் என்றிருந்தது. தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் முன் வரிகளைத் தேதிவாரியாக அடுக்கிவிடலாம் என்று நினைத்துத் தேதிப் பத்தியைத் தொட்டாள். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து அடுக்கவா, இதை மட்டும் அடுக்கவா என்று திரை கேட்டது. ஷீட்டோடு மாரடிக்கிறவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது செய்கிற தப்பை அவள் அன்றைக்குச் செய்தாள், இது மட்டும் என்று அழுத்தினாள். காரியங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, தேதிகள் மட்டும் எழுந்து வரிசைப்படி போய் வேறு வேறு காரியங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. எல்லாவற்றிலும் கடைசித் தேதி, அதாவது இரண்டு வருடம் கழித்து வரும் தையில் பாலம் திறக்கிற தேதி, கடைசி வரியில் இருந்த அவள் பிரசவத்துக்கு வந்து சேர்ந்தது. அவளுடைய பங்குனித் தேதி மேலே போய்ப் பாலத் திறப்பில் ஒட்டிக்கொண்டது. அவள் பார்க்கவில்லை; சேமித்தாள், அனுப்பினாள், வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

தலைமை அலுவலகத்தில் ஷீட்டை யாரும் படிப்பதில்லை. வந்த ஷீட்டுக்கு ஒப்புதல் என்று போட்டுத் திருப்புவதுதான் அங்கே இருப்பவர்களுக்கு வேலை, அதை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். ஒப்புதல் வந்த பிறகுதான் ஒரு தேதிக்கு உயிர் என்று ஞானதுரை அடிக்கடி சொல்வார். அது இவ்வளவு நிஜம் என்று அவருக்கும் தெரியாது.

பொங்கல் கழிந்து வேலைக்கு வந்தவர்கள், லீவுக்கு முன் கம்பி மட்டும் கட்டிவிட்டுப் போன தூண்கள் மேல்தலை வரைக்கும் இறுகி நிற்பதைப் பார்த்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்திருந்த மேஸ்திரி கடப்பாரையால் தட்டிப் பார்த்துவிட்டு நல்ல கான்கிரீட் என்றார். மறுநாள் கர்டர்கள் தூண்மேல் ஏறியிருந்தன, அதற்கு அடுத்த வாரம் தளம் ஓடியிருந்தது. வேலையாட்கள் காலையில் வந்து கையெழுத்துப் போட்டு, வளர்ந்த அளவைப் பார்த்து, வெற்றிலை போட்டுவிட்டுப் போனார்கள். ஞானதுரை தினமும் போட்டோ எடுத்து அனுப்பினார், தலைமை அலுவலகம் திருப்தி என்று பதில் போட்டது. ஊரில் ஒருத்தரும் அதிசயப்படவில்லை. ஊராட்சித் தலைவர் வெயிலுமுத்து, "இவ்வளவு வருசம் தாமதமா வந்த பாலம், இப்போ கொஞ்சம் வேகமா வருது, அதுல என்ன" என்றார், ஊருக்கும் அதுவே பட்டது.

பங்குனியில், செண்பகவல்லிக்கு டாக்டரம்மா குறித்துக் கொடுத்திருந்த அதே நாளில், பாலம் திறந்தது. மேளம், வெடி, கலர்க் காகிதம், பேச்சு, பேச்சு, பேச்சு. மாடத்தி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நடத்திக் காட்டினாள். நடுப்பாலத்தில் நின்று கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இருந்த மாடத்தி, திடீரென்று அழுதாள். மூன்று வருடத்துக்கு முன்னால் மாடத்தியின் மகள் இசக்கியம்மாள் பிரசவ வலியோடு தோணியில் ஏறி, ஆற்றின் நடுவில், அக்கரை விளக்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உயிரை விட்டுவிட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. செண்பகவல்லி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு வலி வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. பால்வண்ணன் லீவு போட்டு வந்து, தொட்டில் கயிறு வாங்கி, பெயர் யோசித்து, வாசலுக்கும் அறைக்குமாக நடந்து, லீவு முடிந்து திரும்பிப் போனான். விமானம் ஏறும் முன் போனில், "ஒண்ணும் ஆகாதுல்ல" என்று கேட்டான், அவள் ஆகாது என்றாள். அக்கரை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், அது தண்ணீராகப் போனது. ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்துப் பார்த்தார்கள், கத்தி தோல்மேல் வழுக்கிக்கொண்டு போனதே தவிர ஒரு கீறல் விழவில்லை. டாக்டரம்மா மூன்று கத்தி மாற்றிவிட்டு, கையுறையைக் கழற்றி, "இன்னும் தேதி வரல போலிருக்கு" என்று சீட்டில் எழுதி அனுப்பினார்.

சித்திரைக் கடைசிச் செவ்வாயில் அம்மன் கொடை. கொட்டுக்காரர்கள் வந்து அடித்தார்கள், மேளத்தில் சத்தம் வரவில்லை. கை வலிக்க அடித்தும் பஞ்சு மூட்டையில் அடித்த கணக்காக இருந்தது. அம்மனுக்கு இப்போது இஷ்டமில்லை போல என்று ஊர் சமாதானம் சொல்லிக்கொண்டது. அதே நாளில், ஆடியில் வெட்ட வேண்டிய சுடலைக்கண்ணுவின் வாழை அத்தனையும் ஒரே பொழுதில் பழுத்துக் குலை தள்ளாடியது, ஊரே வாங்கித் தின்றது. மாடத்தி ஒரு சீப்பைக் கொண்டுவந்து வைத்து இரண்டையும் சேர்த்துச் சொன்னபோது, செண்பகவல்லி பழத்தை உரித்த கையோடு அப்படியே இருந்தாள். கொடை சித்திரை, வாழை ஆடி என்று அவள்தான் அடித்திருந்தாள். லேப்டாப்பைத் திறந்து வரி வரியாகக் கீழே போனாள். கடைசி வரியில் தன் பிரசவத்துக்கு எதிரே இருந்த தேதியை விரலால் தொட்டுத் தொட்டு, வருடத்தோடு சேர்த்து இரண்டு தடவை படித்தாள்.

முதலில் சரியான தேதியைப் புதிதாக அடித்துப் பார்த்தாள். அது வெறும் எழுத்தாக நின்றது. ஒப்புதல் இல்லாத தேதிக்கு வலு இல்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். பணி திட்டமிட்டதற்கு முன்பே முடிந்த நிலையில் எந்தத் தேதியையும் மாற்ற அவசியமில்லை என்று பதில் வந்தது. ஆகவே ஷீட்டில் ஏற்கெனவே ஒப்புதலோடு இருக்கிற தேதிகளை இடம் மாற்றத்தான் முடியும். பரீட்சை பார்ப்பதற்காக, கொடைக்கும் வாழைக்கும் தேதியை மாற்றிப் போட்டாள். அந்த நிமிடமே கோயில் பந்தலில் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த மேளங்கள் அதிர்ந்தன. தோட்டத்தில் வெட்டியும் விற்றும் தின்றும் தீர்ந்த குலைகள் பச்சைக் காயாக மரத்தில் தொங்கின. தின்றவர்கள் வாயெல்லாம் துவர்த்தது. வாங்கிய காசைச் சுடலைக்கண்ணு மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்தார். செண்பகவல்லிக்கு இனிமேல் சந்தேகம் இல்லை: பங்குனித் தேதியைத் தன் வரிக்குக் கொண்டுவந்தால் பிள்ளை பிறக்கும், பாலம் இரண்டு வருடம் பின்னால் போகும்.

அவள் மாடத்தியிடம் மட்டும் சொன்னாள். மாடத்தி வெயிலுமுத்துவிடம் மட்டும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க வாசலில் இருந்தது.

யாரும் அவளைத் திட்டவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. ஒருத்தி நெய்ச்சோறு கொண்டுவந்தாள், ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள், ஒருத்தி வீங்கிய காலுக்குத் தைலம் கொண்டுவந்து கேட்காமலேயே தேய்க்க ஆரம்பித்தாள். வெயிலுமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"இன்ஜினீயரம்மா, ஒங்க வலி எங்களுக்குத் தெரியாம இல்ல. ஆனா ஊர்ல நாலஞ்சு பிள்ளைய முழுகாம இருக்காளுவ. பாலம் போயிட்டுன்னா அவளுவ எல்லாம் மறுபடி தோணியிலயா போவாளுவ? ஒங்கள நாங்க உள்ளங்கையில வச்சுப் பாத்துக்கிடுதோம். ரெண்டு வருசம்தான. கொஞ்சம் பொறுத்துக்கிடக் கூடாதா?"

"என் பிள்ள பொறுக்குமான்னு தெரியலயே, அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி.

"ஆனை ரெண்டு வருசம் சொமக்குல்லா" என்று கூட்டத்தில் ஒருவர் யோசனையாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, நாலைந்து பேர் தலையைக்கூட ஆட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு மாடத்தி அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒன்ன நான் கட்டாயப்படுத்தல தாயி. ஆனா எம்மவ அந்தத் தண்ணியிலதான் போனா. அந்தப் பாலத்துல நடக்கும்போது எனக்கு அவ மேல நடந்து போற மாதிரி இல்ல, அவளக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு. முடிஞ்சா பொறுத்துக்கோ" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

பொறுத்துக்கொள்ளத்தான் அவளும் பார்த்தாள். ஆனால் வயிற்றுக்குள் பிள்ளை முன்னைப்போல முட்டவில்லை. உதைத்த இடத்தில் உரசுவது மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இடைவெளி விட்டு வந்தது. மல்லாந்து படுக்க முடியாது, ஒருக்களித்தால் மூச்சு அடைக்கும், உட்கார்ந்தே தூங்கி உட்கார்ந்தே விழித்தாள். பிளானிங்காரி இல்லையா, அந்த நிலையிலும் வரிசையாக யோசித்தாள். இக்கரையில் இருந்துகொண்டு தேதியை மாற்றினால் பாலமும் இருக்காது, ஆஸ்பத்திரியும் கிடைக்காது. ஆகவே முதலில் அக்கரைக்குப் போக வேண்டும், அங்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், பிறகு பாலத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மாற்ற வேண்டும். கீழே ஆழத்தண்ணீர், மேலே ஆள் இருக்கும்போது பாலம் போய்விட்டால் அது கொலை. வைகாசி பிறந்த அன்று அவள் துணிப்பையும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஊர்க்காரர்கள் தடுக்கவில்லை, பையை வாங்கித் தூக்கிக்கொண்டு, நிழலில் நடங்க என்று குடை பிடித்து, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

வார்டு ஜன்னலுக்கு எதிரே பாலம் முழு நீளத்துக்கும் தெரிந்தது. முகம் தெரியாது, ஆள் இருப்பது தெரியும். அவள் இரண்டு வரிகளையும் மாற்றத் தயாராகத் திரையில் வைத்துக்கொண்டு, விரலைத் தூக்கியபடி காத்திருந்தாள். பஸ் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். ஆட்டு மந்தை போனது. எல்லாம் போய் முடிந்ததென்று நினைக்கும்போது நடுப்பாலத்தில் ஒரு ஆள் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் இறங்கும்போது இன்னொருவன் ஏறினான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளுக்கு விளங்கிவிட்டது, அவர்கள் முறை போட்டு நிற்கிறார்கள்.

முறையைப் போட்டது ஞானதுரை. ஷீட்டைப் பூட்டிவிடும்படி தலைமை அலுவலகத்துக்கு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தார். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார். அதற்குப் பதில் புதிதாக ஒரு ஷீட்டைத் திறந்து, நேரம், பெயர், கைபேசி எண் என்று பத்தி பிரித்து, வெயிலுமுத்துவைப் பக்கத்தில் உட்காரவைத்து வீட்டுக்கு ஒருத்தராக நிரப்பினார். "ஒரு ஆள் எறங்கும்போது அடுத்த ஆள் ஏறியிருக்கணும், நடுவுல ஒரு நிமிசம்கூட காலி விழக் கூடாது" என்று ஊர்க்கூட்டத்தில் விளக்கினார். அவர் கெட்டவர் இல்லை. தினமும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார், கேட்டுவிட்டுப் போனை வைத்ததும் மறுநாள் முறைக்குப் பெயர் போடுவார்.

ஊர் இதையும் பழகிக்கொண்டது. பாலத்தில் நிற்கப் போகிறவர்கள் தாயக்கட்டை கொண்டுபோனார்கள், தலையணை கொண்டுபோனார்கள். பெண்கள் அங்கேயே கூழ்வற்றல் காய வைத்தார்கள். கட்டிக்கொள்ள முறையுள்ள ஒரு பையனும் பெண்ணும் அடுத்தடுத்த முறையாகப் போடச் சொல்லி ஞானதுரையிடம் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டார்கள். முறைக்கு வராமல் தூங்கிவிட்ட ஒருவரை அவர் பெண்டாட்டியே வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நிற்கிறவர்களில் பலர் ஆஸ்பத்திரி ஜன்னலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள், மன்னித்துக்கொள் என்பதற்கும் மாற்றிவிடாதே என்பதற்கும் சேர்த்து ஒரே கும்பிடு. ஒரே ஒரு நேரத்துக்கு மட்டும் ஆள் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. அக்கினி வெயிலில் உச்சிப்பொழுது தளம் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து ஒரு வேலை வந்துவிடும். அந்த நேரத்தை மாடத்தி தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாலத்தின்மேல் அவளைவிட யாருக்கு உரிமை என்று வெயிலுமுத்து சந்தோஷமாகக் கொடுத்தார்.

மாடத்தி தினமும் காலையில் கஞ்சியும் துவையலும் கொண்டு பாலத்தைக் கடந்து வருவாள், செண்பகவல்லிக்கு ஊட்டுவாள், தலை வாரி விடுவாள், வெயில் ஏறியதும் தன் முறைக்குப் போய்க் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு உட்காருவாள். பாலத்தைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ஜன்னலிலிருந்து செண்பகவல்லி அந்தக் குடையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். குடையைப் பார்க்கும்போது அவளுக்குக் கோபம் வரும், குடைக்குக் கீழே இருக்கிறவள் காலையில் ஊட்டிய கை நினைவுக்கு வரும், கோபமும் நிலைக்காது.

ஒருநாள் விடிந்ததிலிருந்து பிள்ளை அசையவில்லை. அவள் தட்டிப் பார்த்தாள், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள், பெயர் வைக்காத பிள்ளையை என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக் கேட்டார். "துடிப்பு இருக்கும்மா. ஆனா இழுத்து இழுத்து வருது. இன்னைக்குத் தாங்கும். நாளைக்கு என்னால சொல்ல முடியாது" என்றார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பாலத்தைப் பார்த்தார், அதில் நின்றிருந்தவனைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மாடத்தி வந்தபோது செண்பகவல்லி கஞ்சி வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். மாடத்தி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையை அவள் வயிற்றில் வைத்தாள். வைத்த கை அங்கேயே இருந்தது. இடது பக்கம் வைத்தாள், வலது பக்கம் வைத்தாள், விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தாள். முறைக்கு நேரமானதும் எழுந்து, தூக்குவாளியைக்கூட எடுக்காமல், குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

செண்பகவல்லி சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். முந்தின முறைக்காரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊர்ப் பக்கம் ஓட்டமாக இறங்கினான். கறுப்புக் குடை நடுப்பாலத்தில் விரிந்தது. உச்சி வெயிலில் பாலம் வெள்ளையாக எரிந்தது. பஸ் போய்விட்டது, அடுத்த பஸ் வெயில் தாழ்ந்துதான். வற்றல் காயப் போட்டவர்கள் வீட்டுக்குள் போயிருந்தார்கள். கைப்பிடிச் சுவரின் ஓர நிழலில் படுத்திருந்த ஒரு ஆட்டைத் தவிர அந்தப் பாலத்தில் உயிர் என்று இருந்தது அந்தக் குடை ஒன்றுதான். அந்த ஒன்று அங்கே இருக்கும்வரை தன் பிள்ளை உள்ளேயேதான் இருக்கும், இருந்துகொண்டே அணைந்துபோகும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

குடை மடங்கியது. மாடத்தி எழுந்து நின்றாள். ஊர்ப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஆற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடக்கிய குடையால் ஆட்டை ஒரு தட்டுத் தட்டி எழுப்பி, அதை முன்னால் விரட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கரையைப் பார்த்து நடந்து வந்தாள். செருப்பில்லாத கால், கொதிக்கிற தளம், ஆனால் அவள் ஓடவில்லை.

வார்டுக்குள் வந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது. ஆடு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

"என்னக்கா, முறை முடிஞ்சிட்டா?" என்றாள் செண்பகவல்லி.

"முடியல."

"அப்போ பாலத்துல யாரு நிக்கா?"

"இப்போ என் முறை. நான் இங்க நிக்கேன்" என்றாள் மாடத்தி. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து லேப்டாப்பை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "மாத்து."

"அக்கா, இசக்கியம்மா..."

"எம்பிள்ளைக்கு வராத பாலம். ஒம்பிள்ளைய வெலையா வச்சு அதக் காத்துக்கிட்டு நிக்கேன், தெனமும் கொட பிடிச்சு. அவளுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பாளா? மாத்து தாயி, யாரும் ஏறிரப் போறாங்க."

"ஊருக்கு எப்படிப் போவீங்க? அவங்க ஒங்கள என்ன சொல்லுவாங்க?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

செண்பகவல்லி ஒருமுறை பாலத்தைப் பார்த்தாள். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் கண்ணால் தடவிப் பார்த்தாள். ஊர் முனையில் யாரோ வெளியே வந்து கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்ப்பது தெரிந்தது. அந்த ஆள் இன்னும் பாலத்தில் கால் வைக்கவில்லை. அவள் பங்குனித் தேதியைத் தூக்கித் தன் வரியில் வைத்தாள், தையைத் தூக்கிப் பாலத்தின் வரியில் வைத்தாள், அழுத்தினாள்.

பாலம் சத்தமில்லாமல் போனது. தளம் முதலில், கர்டர்கள் பிறகு, தூண்கள் தலையிலிருந்து கீழே குறைந்து குறைந்து, கடைசியில் கரையோரம் துருப்பிடித்த கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கட்டைகள் மிஞ்சின. நடுவில் ஆறு பழையபடி ஓடியது. அதை அவள் முழுதாகப் பார்க்கவில்லை. இத்தனை நாள் வராமல் போன வலி அத்தனையும் சேர்ந்து வந்து இடுப்பைப் பிடித்தது, அவள் மாடத்தியின் கையைப் பிடித்தாள், மாடத்தி டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள், யாரோ கதவைச் சாத்தினார்கள்.

எதிரே ஊர்க்கரையில் சனம் கூடிவிட்டது. கஞ்சிக் கையோடு வந்தவர்கள், தூக்கக் கலக்கத்தோடு வந்தவர்கள், ஷீட்டை அச்செடுத்த தாளைக் கையில் பிடித்தபடி வந்த ஞானதுரை, எல்லோரும் தண்ணீர் ஓரத்தில் நின்றார்கள். ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். முழுகாமல் இருந்த பெண்களில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றின் அகலத்தைப் பார்த்தாள். வெயிலுமுத்து உச்சிப்பொழுது முறை யாருக்கு என்று கேட்கவில்லை, அது அவருக்கே தெரியும். வெயில் சாய்கிற வரைக்கும் அவர்கள் அப்படியே நின்றார்கள், வீட்டுக்குப் போகவும் யாருக்கும் தோன்றவில்லை.

பாலம் இல்லை, பஸ் இல்லை, ஆள் இல்லை, ஆற்றின் மேல் எந்தச் சத்தமும் இல்லை. அதனால் குழந்தை அழுதது ஆஸ்பத்திரிக் கரையிலிருந்து ஊர்க்கரைக்குத் தெளிவாகப் போனது. முதலில் இருமல் போலக் கேட்டது, பிறகு நின்றது, நின்ற அந்த நேரத்தில் ஊர்க்கரையில் நின்ற அத்தனை பேரும் மூச்சு விடவில்லை. பிறகு அது வீறிட்டு, விடாமல், கோபமாக அழுதது.

மாடத்தி ஆஸ்பத்திரிப் படியிறங்கிக் கரைக்கு வந்து நின்றாள். எதிரே ஊர் முழுக்க வரிசையாக நின்றது. என்ன கல் வந்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று அவள் குடையைக்கூட விரிக்கவில்லை. பிறகு அந்த வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளுடைய குரல், இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு ஆற்றுக்கு மேலே கேட்டது: "யக்கா, என்ன பிள்ள?"